மாப்பிள்ளை யார் பக்கம்?

என் மகள் நெஸ்டா கட்டிக்கொள்ளப்போகும் ஹ்யூ, தானும் எங்களைப் போல வேல்ஸ்காரன் என்றுதான் சொல்லிக்கொண்டான். எனக்கு நம்பிக்கையில்லை. ஆறு நாடுகள் ரக்பிப் போட்டி தொடங்கிய சனிக்கிழமை, எங்கள் ஊர் பப்புக்கு நெஸ்டாவோடு வந்தவனை என் பக்கத்திலேயே உட்காரவைத்துக்கொண்டேன். டிவியோடு சேர்ந்து எங்கள் நாட்டுப்பண்ணை ஒரு சொல் விடாமல் பாடினான். சந்தேகம் கூடியது. எங்கள் ஆட்கள் பாதிப் பாட்டை முனகித்தான் ஒப்பேற்றுவார்கள்.

வேல்ஸ் தோற்றது. அடுத்து இங்கிலாந்தும் பிரான்சும் மோதின.

“யாரு ஜெயிக்கணும் மாப்ளே?” என்றேன்.

“நல்லா ஆடுறவங்க ஜெயிக்கட்டும் மாமா.”

பப்பில் இருந்த எல்லாத் தலையும் எங்கள் பக்கம் திரும்பியது.

“இங்கிலாந்து ஆடுனா எதிர்ல நிக்கிறவன்தாண்டா நம்மாளு! உண்மையச் சொல்லு, எந்த ஊருடா நீ?”

அவன் நெஸ்டாவைப் பார்த்தான். அவள் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

“லண்டன்ப்பா. பாட்டு முழுக்கச் சொல்லிக்குடுத்தேன், இதச் சொல்லிக்குடுக்க மறந்துட்டேன்!”