வெற்றிடக் கணக்கு

“அந்த வயரத் தொடாதீங்க,” என்றான் கிளைட்டன்.

மலர்ச்சாலையிலிருந்து வந்த நிக்கொலஸ் குனிந்தபடியே அண்ணாந்து பார்த்தார். ஹோலில் ஒரே ஒரு பிளக். சவப்பெட்டியின் தலைமாட்டு விளக்கை அதில் செருக வேண்டும். அதிலோ செத்தவளின் லெப்டொப் செருகியிருந்தது. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் பழைய வயரிங் தாங்காது. சாவீட்டில் லெப்டொப்புக்கு என்ன வேலை என்று அவர் வாய்விட்டுக் கேட்கவில்லை, முகம் கேட்டது.

கிளைட்டன் தனக்கு விளங்கிய அளவுக்குச் சொன்னான். அக்கா மெலனி கொழும்புக் கம்பஸில் படிப்பித்தவள். பிரபஞ்சத்தில் நட்சத்திரக் கூட்டங்கள் அநேகமாக இல்லாத பென்னம்பெரிய வெற்றிடங்களை ஆராய்ந்தவள். மீனில்லாத இடமாகப் பார்த்து வலை போடுகிறவள் நீ ஒருத்திதான் என்று அவன் நக்கலடிப்பான். அவளும் விடமாட்டாள். அந்த வெற்றிடங்கள் பெருத்துக்கொண்டே போகின்றன, உள்ளே இருக்கிற கொஞ்சநஞ்சத்தையும் ஓரத்துக்குத் தள்ளிவிடுகின்றன என்பாள். வருத்தம் முற்றி ஊருக்கு, எத்தாளை வீட்டுக்கு வந்த பிறகும் கட்டிலில் இருந்தே வேலை. வெற்றிடங்களை எண்ணி அளக்கும் கடைசிக் கணக்கு லெப்டொப்பில் இரண்டு கிழமையாக ஓடுகிறது. லெப்டொப்பின் பற்றரி எப்போதோ போய்விட்டது. வயரைக் கழற்றினால் எல்லாம் போச்சு. திரும்பத் தொடங்கத் தெரிந்தவள் பெட்டிக்குள் கிடந்தாள். கணக்கு முடியுமட்டும் நிற்பாட்டாதே என்று சொல்லிவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

விளக்கில்லாமல் ஒரு சாவீடா என்று மாமிமார் முணுமுணுத்தார்கள். அப்பா இன்னாசிப்பிள்ளை, மெழுகுதிரி போதும் என்றார். அதோடு கதை அடங்கியது.

நாலு மணிக்குப் பெட்டியைத் தூக்கினார்கள். சவம் போன வீட்டை வெறுமையாக விடக்கூடாது, யாராவது நிற்க வேண்டும். பக்கத்து வீட்டு நஃபீஸா நிற்பதாக ஒத்துக்கொண்டிருந்தாள். ஆனால் பெட்டி படலையைத் தாண்டியபோது அப்பா வாசலிலேயே நின்றுவிட்டார்.

“வாங்கப்பா.”

“நீ போ மகன். நான் வீட்ட நிக்கிறன்.”

“பெத்த தகப்பன் மண் போடாட்டி சனம் என்ன கதைக்கும்?”

“கதைக்கட்டும். அது ஓடுதெல்லே.”

கிளைட்டனுக்கு ஆத்திரம் வந்தது. சேமக்காலைக்குப் போய்க் குழியடியைச் சேரும்வரை அது ஆறவில்லை. குழிக்குள் தன் பிடி மண்ணைப் போட்டான், பிறகு அப்பாவுக்காகவும் ஒரு பிடி போட்டான். சனம் கதைக்கத்தான் செய்தது.

திரும்பி வந்தபோது ஹோலில் கதிரைகளெல்லாம் சுவரோரம் கிடந்தன. பின்னேர வெயில் ஜன்னலால் லெப்டொப்பின் மேல் விழுந்திருந்தது. அப்பா வெள்ளைச் சட்டையைக் கழற்றாமல் அதன் முன்னால் குந்தியிருந்து, காட்போட் மட்டை ஒன்றால் அதற்கு விசிறிக்கொண்டிருந்தார். கை உளைந்தால் மற்றக் கைக்கு மாற்றினார்.

கிளைட்டன் குனிந்து பார்த்தான். திரையில் இலக்கங்கள் ஓடவில்லை.

“முடிஞ்சிட்டுது அப்பா.”

“ஓம். அப்பவே முடிஞ்சுது,” என்றார் அப்பா, விசிறுவதை நிறுத்தாமல்.