சிவப்பில் வைத்தால் முழுக் குளிர்

"கண்ணாடிய ஏத்துலே" என்றார் அப்பா. வண்டி இன்னும் பேட்டையைத் தாண்டவில்லை. "ஏ.சி. வண்டில கண்ணாடிய எறக்கிட்டுப் போனா பாக்குறவன் என்ன நெனப்பான்?"

ஏற்றினேன். அந்த வண்டியில் பெண் பார்க்கப் போவதற்குக் காரணமே நான்தான் என்பதால் மறுத்துப் பேச எனக்கு வழியில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு வேர்க்கும். திருநெல்வேலிக் கத்திரி வெயிலில் யாருக்குத்தான் வேர்க்காது என்று நீங்கள் கேட்கலாம். என்னுடையது அந்த ரகம் அல்ல. நாலு பேர் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தால் போதும், உச்சந்தலையில் யாரோ குழாயைத் திறந்துவிட்டதுபோல் ஆரம்பிக்கும். முதலில் பார்த்த பெண் வீட்டில், மாப்பிள்ளைக்கு நெஞ்சில் ஏதும் கோளாறா என்று தரகரிடம் விசாரித்திருக்கிறார்கள். அடுத்த வீட்டில் பெண்ணின் மாமா என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, தன் கையை என் கண் முன்னாலேயே வேட்டியில் துடைத்துக்கொண்டார். இரண்டு இடத்திலிருந்தும் பதில் வரவில்லை. அம்மா மட்டும் கேட்டவர்களிடமெல்லாம், "எம் பையன் ஈர மனசுக்காரன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மனசோடு நின்றிருந்தால் எனக்குக் கல்யாணம் ஆகியிருக்கும்.

இந்தத் தடவை என்னைக் காய்ந்த நிலையில் கொண்டுபோய் இறக்குவது என்று வீட்டில் முடிவாயிற்று. சுடலைராஜ் என்னோடு படித்தவன், பேட்டையில் லேத்துப் பட்டறை போட்டிருக்கிறான். காற்றாலைக் கம்பெனி ஒன்று கழித்துவிட்ட பிக்கப் வண்டியை அவன் வாங்கி வைத்திருந்தான். முன்னால் இரண்டு வரிசை சீட், பின்னால் அவன் பட்டறைக்கு இரும்புக் கம்பி ஏற்றும் தொட்டி. "ஏ.சி. உண்டுப்பா" என்று என் அப்பாவிடம் அவன் சொன்னது உண்மை. அதை ஒரு நாளும் போட்டுப் பார்த்ததில்லை என்பதைச் சொல்லாமல் விட்டதும் உண்மை. வண்டியில் ஏறியதும்தான் என் காதில் போட்டான்: "இரும்புக் கம்பிக்கு என்னத்துக்குலே குளிரு? நீதான் கரண்ட் ஆபீஸ்காரன், நீயே பாத்துப் போடு."

கரண்ட் ஆபீஸில் நான் பில் போடும் பிரிவில் இருக்கிறேன். எனக்கும் மின்சாரத்துக்கும் உள்ள உறவு முழுக்க முழுக்கக் காகிதத்தில் நடப்பது. இருந்தாலும் அப்பா அம்மா முன்னால் அதை விளக்கிக்கொண்டிருப்பது அழகல்ல என்பதால், தெரிந்தவன் மாதிரி குனிந்து பார்த்தேன். மூன்று திருகுகள். ஒன்றில் எண்கள். அது ஃபேன், சந்தேகமில்லை, நாலில் வைத்தேன். இன்னொன்றில் ஒரு ஆள் உட்கார்ந்திருக்க, அவன் முகத்துக்கும் காலுக்கும் அம்பு விட்டிருந்தார்கள். முகத்துக்கு வைத்தேன். பக்கத்தில் ஒரு பொத்தானில் சிக்குக் கோலம் மாதிரி ஒரு படம். அமுக்கினேன், விளக்கு எரிந்தது. மூன்றாவது திருகில் எழுத்தே இல்லை. ஒரு ஓரத்தில் நீலமாகத் தொடங்கி மறு ஓரத்தில் சிவப்பாக முடியும் ஒரு வில். நீலம் கொஞ்சம், சிவப்பு ஜாஸ்தி. எந்தக் கருவியிலும் முள் சிவப்புக்குப் போனால்தானே முழு வேகம்? கடைசிவரை சிவப்பில் திருகிவிட்டு, "ஃபுல் கூலிங்ப்பா" என்றேன்.

டவுனைத் தாண்டும்போது அம்மா பின்னாலிருந்து மெதுவாகக் கேட்டாள்: "ஏல கார்த்தி, கூலிங் கொஞ்சம் சுடுதே?"

"இப்பந்தானம்மா போட்டிருக்கு. பைய குளுரும்."

"மெஷின் சூடாவாம எப்படிக் குளுரும்? சும்மா வா" என்று அப்பா எனக்குப் பரிந்து பேசினார். அவர் குரலே வெந்து வந்தது. ஜங்ஷனில் எங்கள் தெருக்காரர் ஒருவர் சைக்கிளை நிறுத்திக் கண்ணாடி வழியாக எங்களை எட்டிப் பார்த்தார். அப்பா முகத்தில் வழிந்ததைத் துடைக்காமல், மலைக்காற்று வாங்குகிறவர்போல் தலையை அசைத்தார். இட்லிக் கொப்பரைக்குள் உட்கார்ந்துகொண்டு அப்படி ஒரு கம்பீரத்தைக் காட்ட எங்கள் குடும்பத்தால்தான் முடியும்.

ஆற்றுப்பாலத்தைத் தாண்டி வண்ணார்பேட்டைக்குள் நுழையும்போது ஃபேன் சட்டென்று நின்றது. அப்போதாவது கண்ணாடியை இறக்கியிருக்கலாம். "ஃபியூஸ் போயிட்டுலே" என்றான் சுடலை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். குழாய் திறந்தது.

வண்டியை ஓரங்கட்டி, ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த மூடியைக் கழற்றினோம். எனக்குத் தெரிந்த ஃபியூஸ் பீங்கான் கட்டையும் கம்பியும்தான். இங்கே பெட்டிக்கடை மிட்டாய் மாதிரி சிவப்பு, நீலம், மஞ்சள் என்று சின்னச் சின்னச் சில்லுகள், ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு எண். மூடியின் உள்பக்கம் எது எதற்கு என்று படம் போட்டிருந்தார்கள். ஃபேன் படத்துக்கு நேராக இருந்த மஞ்சளைப் பிடுங்கி வெயிலில் தூக்கிப் பார்த்தேன். உள்ளே ஒரு மெல்லிய கம்பி, நடுவில் உருகி அறுந்திருந்தது. அளவுக்கு மேல் மின்னோட்டம் வந்தால் தான் உருகி மற்றதைக் காப்பாற்றுகிற பிறவி. எனக்கு அதன்மேல் சட்டென்று ஒரு பாசம் வந்தது. நானும் அப்படித்தானே, ஓட்டம் கூடினால் உருகிவிடுகிறேன். என்ன, நான் உருகி யாரையும் காப்பாற்றியதில்லை.

"பச்சை பெருசால்லா இருக்கு, அதப் பிடுங்கிப் போடு" என்றான் சுடலை.

"பெரிய நம்பர் போட்டா ஃபியூஸ் பொழச்சுக்கிடும், வண்டி எரிஞ்சிரும். அதே நம்பர்தான் போடணும்." இதை எப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. சொன்னது சரி என்று மட்டும் தெரிந்தது. அதே மஞ்சள், அதே எண், ஹாரன் படத்துக்கு நேராக இன்னொன்று இருந்தது. பிடுங்கி ஃபேனுக்கு வைத்தேன். ஃபேன் சுற்றியது. அம்மா பெருமையோடு என் முதுகைத் தட்டி, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். மிச்ச தூரத்தையும் அதே சிவப்பில் கடந்து பாளையங்கோட்டையில் இறங்கினோம்.

பெண் வீட்டில் கரண்ட் இல்லை. பெண்ணின் அப்பா தாணுமாலையன் கோர்ட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்களை உட்காரவைத்து, நின்றுபோன ஃபேனைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "மாப்பிள்ளை டிபார்ட்மெண்டுதான்" என்று சிரித்தார். என் சட்டை உடம்போடு ஒட்டி, பனியனின் ஓட்டைவரைக்கும் சபைக்குத் தெரிந்துகொண்டிருந்தது. முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்ததும் ஒரு நிம்மதிகூட வந்தது.

பெண் காப்பித் தட்டோடு வந்தாள், பெயர் சங்கரி. தட்டை வைத்தவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாள். அவ்வளவுதான், பயந்துவிட்டாள் என்று எண்ணுவதற்குள் ஒரு துண்டோடு திரும்பி வந்து நீட்டினாள். சலவைக்குப் போய் வந்த வெள்ளைத் துண்டு, ஓரத்தில் வண்ணான் குறி.

"எப்பமும் இப்படியா, இல்ல எங்க வீட்டுக்குன்னு வேர்க்குதா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"எப்பமும்தான்" என்றேன். "அதுக்காவத்தான் ஏ.சி. வண்டி பிடிச்சு வந்தோம்."

அவள் சிரிக்கவில்லை. ஆனால் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அதற்குள் ஏ.சி. என்ற சொல் தாணுமாலையன் காதில் விழுந்துவிட்டது. "இந்தப் புழுக்கத்துல அதுலபோய் செத்த உக்காந்தா என்னவே?" என்று அப்பாவைக் கேட்டார். மறுக்க முடியுமா? எல்லாரும் வாசலுக்கு வந்தோம். அவரை முன்சீட்டில் உட்காரவைத்து, சுடலை நின்ற இடத்திலேயே எஞ்சினைக் கிளப்பினான். அவர் முகத்தில் அடித்த காற்றில் புருவ மயிர் பறந்தது. கோர்ட்டில் பொய்ச் சாட்சிகளை எவ்வளவோ கேட்டுப் பழகிய மனிதர், "நல்லா இதமா இருக்கு" என்றார்.

சங்கரி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். "இந்தச் செவப்பு எதுக்கு?"

"ஃபுல் கூலிங்" என்றேன் நான், துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே.

"நீலத்துல வச்சா?"

"கம்மி."

"சும்மா வச்சுப் பாப்பமே" என்று உள்ளே கைவிட்டுத் திருகினாள். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு தாணுமாலையன் கண்ணை மூடினார். "ஆங்..." என்று ஒரு சத்தம் மட்டும் அவரிடமிருந்து வந்தது. அப்பா கைநீட்டி அந்தக் காற்றைத் தொட்டுப் பார்த்தார். என் பக்கம் திரும்பவே இல்லை.

"பேட்டையிலேருந்து செவப்புலயா வந்திய?" என்றாள் சங்கரி.

"ஆமா."

"கண்ணாடியும் ஏத்திக்கிட்டு?"

"அப்பா சொன்னாவ."

முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அவள் வீட்டுக்குள் ஓடினாள். உள்ளிருந்து ஏதோ பாத்திரம் விழுகிற சத்தமும், அதற்கு மேலாக அவள் சிரிப்பும் கேட்டன. அந்தச் சிரிப்பில் எந்த வகைப் பதில் இருந்தது என்று கண்டுபிடிக்கிற முள் எந்தக் கருவியிலும் இல்லை.

"கலந்து பேசிட்டுச் சொல்லி அனுப்புதோம்" என்றார் தாணுமாலையன். எல்லாப் பெண்வீட்டாரும் சொல்வதுதான். ஆனால் முந்தைய இரண்டு பேரும் வண்டியிலிருந்து இறங்க மனமில்லாமல் உட்கார்ந்துகொண்டு சொன்னதில்லை.

திரும்பும்போது வண்ணார்பேட்டை நெரிசலில் சுடலை ஹாரனை அமுக்கினான். சத்தம் வரவில்லை. "ஹாரன் வேணுமா குளிரு வேணுமா, சொல்லுங்கப்பா" என்றான். அப்பா யோசித்தார். வாழ்க்கையில் முதல்முறையாக அவருக்குக் குளிர்ந்துகொண்டிருந்தது. "ஃபியூஸ் அங்கனயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டி, "ஏய், ஓரம்! தள்ளுலே!" என்று கூவத் தொடங்கினார். குளிர் முழுக்க அந்த வழியாக வெளியே போய்விட்டது. அம்மாவும் தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கிக்கொண்டாள்.

பாலத்தில் ஏறும்போது அம்மாதான் கவனித்தாள். "ஏல, ஒன் தோள்ல கெடக்கது அவுக வீட்டுத் துண்டுல்லா?"

சுடலை வேகத்தைக் குறைத்தான். "திருப்பட்டுமா மாப்ளே?"

"வேண்டாம்லே" என்றேன். "ஈரமா இருக்கு. காயட்டும்."

கண்ணாடியை இறக்கித் துண்டை வெளியே பிடித்தேன். ஆற்றுக்காற்று அதை விரித்து அடித்தது. தாமிரபரணிக்கு மேலே அது பாய்போல உப்பி என் கையை இழுக்க, வண்ணான் குறி இருந்த ஓரத்தை விரலில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு, இறுக்கிப் பிடித்திருந்தேன்.