எண் தெரியாத பக்கம்

எங்கள் பள்ளிக்கூடத்தில் அவனுடைய பெயரைச் சொல்லி விசாரித்தால் பாதிப் பேர் முழிப்பார்கள். 'பைலட்' என்று கேட்டால் வாட்ச்மேன்கூட வகுப்பறையைக் கைகாட்டுவார். அவன் என் பெரியம்மா மகன். என்னைவிட மூன்று மாதம் மூத்தவன். அந்த மூன்று மாதத்துக்காக அவனை அண்ணன் என்று கூப்பிட வேண்டும் என்பது அம்மாவின் கட்சி. ஒரே வகுப்பில் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவனை அப்படிக் கூப்பிட வாய் வராது என்பது என் கட்சி. ஒரே கட்டடத்தில் அவர்கள் கீழ்வீடு, நாங்கள் மேல்வீடு.

மூன்றாம் வகுப்பிலேயே அவன் முடிவு செய்துவிட்டான், விமானம் ஓட்டப்போவதாக. சொல்லிவிட்டு மறந்துபோகிற ஆள் இல்லை. மேகங்களின் வகைகளைப் படித்தான். மூச்சு நிலைக்க வேண்டும் என்று சாயங்காலம் தோறும் மைதானத்தைச் சுற்றி ஓடினான். கண் கெட்டுவிடும் என்று போனைத் தொடமாட்டான். வாரத்தில் ஒருநாள் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளைச் சேர்த்துவைத்துக் காகித விமானம் செய்யச் சொல்லிக்கொடுத்தான். அவன் மடிக்கும் விமானம் மைதானத்தின் அந்தக் கோடி வரை போய் இறங்கும். நான் வாய் பிளந்து பார்ப்பேன்.

நானோ நேர் எதிர். "என்ன ஆகப்போறே?" என்று யார் கேட்டாலும் "பார்க்கலாம்" என்பேன். பதினோராம் வகுப்புக்கு எந்தப் பாடப்பிரிவு என்று சொல்லியாக வேண்டிய நேரம் வந்துவிட்டது. அப்பா லிஃப்ட் மெக்கானிக். "லிஃப்ட்ல ஏறினா ஏதாவது ஒரு பட்டனை அமுக்கணும்மா. சும்மா நின்னா கதவுதான் திறந்து திறந்து மூடும்" என்பார். சிரிப்பேன். சிரித்துவிட்டு அறைக்குப் போய்ப் பயப்படுவேன். எனக்கு மட்டும் ஏன் ஒன்றும் தோன்றமாட்டேன் என்கிறது?

விடுமுறையில் விமானப் பயிற்சி முகாம் ஒன்றில் சேர அவனுக்குக் கண் பரிசோதனை தேவைப்பட்டது. மருந்துக்கடையில் வேலை செய்யும் பெரியம்மா அரைநாள் லீவு போட்டாள். நானும் ஒட்டிக்கொண்டேன்.

கண் டாக்டரின் அறை சின்னது. தாடையை வைத்துப் பார்க்கும் கருவி, உருளும் ஸ்டூல், சுவரில் எழுத்துப் பலகை. பலகையின் கடைசி வரிசை வரை கடகடவென்று படித்தான். "கழுகுக் கண்ணுப்பா உனக்கு" என்றார் டாக்டரம்மா. பெரியம்மா என்னைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தாள்.

பிறகு டாக்டர் ஒரு புத்தகத்தை எடுத்தார். பக்கம் முழுக்க வண்ணப் புள்ளிகள். நடுவில் எண் தெரியும். முதல் பக்கத்தைச் சொல்லிவிட்டான். இரண்டாவது பக்கத்தில் முன்னால் குனிந்தான். பின்னால் சாய்ந்தான்.

"இதுல ஒண்ணும் இல்லையே டாக்டர்?"

அவன் தோளுக்குப் பின்னால் நின்றிருந்த எனக்கு, பச்சைப் புள்ளிகளுக்கு நடுவில் சிவப்பாக, கொட்டை எழுத்தில் எண் தெரிந்தது. பெரியம்மாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும். என் மணிக்கட்டைப் பிடித்தாள். அடுத்த பக்கம், அதற்கடுத்த பக்கம். "ஏதாவது ட்ரிக்கா?" என்று கேட்டான்.

டாக்டர் புத்தகத்தை மூடினார். ஸ்டூலை உருட்டிக்கொண்டு அவன் எதிரே வந்து, பெரியம்மாவிடம் அல்ல, அவனிடமே பேசினார்.

"தம்பி, உனக்குப் பார்வை நல்லா இருக்கு. ஆனா சிவப்பும் பச்சையும் பிரிஞ்சு தெரியல. பிறந்ததுலேர்ந்தே இப்படித்தான் இருந்திருக்கும்."

"கண்ணாடி போட்டா சரியாகுமா?"

"ஆகாதுப்பா."

"அப்போ விமானம்?"

"பெரிய ஆஸ்பத்திரியில இன்னொரு தடவை பார்த்துடுங்க. ஆனா நீ கேக்கிற வேலைக்கு இந்தக் கண்ணை எடுத்துக்கிறது கஷ்டம். சும்மா ஆசை காட்டி அனுப்ப எனக்கு மனசு வரல."

சின்ன வயதில் அவன் மரம் வரைந்தால் இலைக்குப் பழுப்பு நிறம் அடிப்பான். என்ன கற்பனை என்று வீடே மெச்சிக்கொண்டது அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

இது பெரும்பாலும் அம்மா வழியில் வருவது என்றும் டாக்டர் சொல்லியிருந்தார். பஸ் நிறுத்தத்தில் பெரியம்மா உடைந்துபோனாள். "என் வழியா வந்து உன் வாழ்க்கையைக் கெடுத்துடுச்சே."

"உங்க மூக்கும்தான் வந்திருக்கு. அதுக்கே நான் கேஸ் போடல. இதுக்கா போடப்போறேன்?" என்றான்.

அழுகைக்கு நடுவில் பெரியம்மா சிரித்துவிட்டாள். நான் அவன் கையைப் பார்த்தேன். நிறுத்தத்துக் கம்பியை விரல் வெளுக்கப் பிடித்திருந்தான். அவ்வளவு பெரிய இடி விழுந்த நிமிடத்தில், முதலில் அம்மாவைச் சிரிக்க வைக்க வேண்டும் என்று ஒருவனுக்குத் தோன்றுமா? எனக்குத் தோன்றியிருக்காது.

பெரிய ஆஸ்பத்திரியிலும் அதையேதான் சொன்னார்கள். அதற்குப் பிறகு அவன் ஓடப் போகவில்லை. கீழ்வீட்டில் சத்தமே இல்லை. ஒரு மத்தியானம் நான் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது மேலே வந்து தரையில் உட்கார்ந்தான்.

"உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். சிரிக்கக் கூடாது."

"கேளு."

"என்ன ஆகப்போறோம்னு தெரியாம எப்படிடி இருக்கே? காலையில எப்படி எழுந்திரிக்கிறே?"

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தேன். அதுவரை என் வாழ்நாளில் யாரும் என்னிடம் யோசனை கேட்டதில்லை. அதுவும் அவன்!

"முதல்ல பயமா இருக்கும். அப்புறம் பசிக்கும். எழுந்து சாப்பிட்டுட்டு, அன்னிக்கு என்ன இருக்கோ அதைப் பார்ப்பேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். பயம் போயிடும்னு பொய் சொல்ல மாட்டேன். நான் வருஷக்கணக்கா இப்படித்தான் இருக்கேன். செத்தா போயிட்டேன்?"

சிரிக்க வாயெடுத்தவன் அழுதுவிட்டான். நான் அவனுடைய சட்டையையும் வாங்கி இஸ்திரி போட்டேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

அந்த வாரம் காகித விமான வகுப்பு இருக்காது என்றுதான் நினைத்தேன். பெல் அடித்ததும் அவன் காகிதக் கட்டோடு கிளம்பினான். நானும் பின்னாலேயே போனேன். பிள்ளைகள் மடித்துக்கொண்டிருந்தபோது ஒரு குட்டிப் பெண் கேட்டாள்: "அண்ணா, நீங்க பைலட் ஆனதும் எங்களை ஏத்திக்கிட்டுப் போவீங்களா?"



"நான் பைலட் ஆக முடியாதும்மா. எனக்குச் சிவப்பும் பச்சையும் சரியாத் தெரியாது" என்றான், மணி என்ன என்று கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல.

உடனே ஒருத்தன் பெட்டியிலிருந்து கலர் பென்சிலை எடுத்து நீட்டினான். "இது என்ன கலர், சொல்லுங்க?" அவன் ஏதோ சொன்னான். "தப்பு!" என்று கத்தினார்கள். அடுத்த பென்சில். அதுவும் தப்பு. ஆறாம் வகுப்பே அவனைச் சூழ்ந்துகொண்டு பரீட்சை வைத்தது. கோபப்படாமல் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லி, எல்லாவற்றிலும் தோற்று, நீலத்தைச் சரியாகச் சொன்னபோது கைதட்டல் வாங்கினான்.

"அப்போ என்னதான் ஆகப்போறீங்க?" என்றாள் அந்தக் குட்டி.

"தெரியல. தேடணும்" என்றான். "இறக்கையை இன்னும் கொஞ்சம் அழுத்தி மடி. அப்பத்தான் நேராப் போகும்."

நான் வராண்டாத் தூணில் சாய்ந்து நின்றிருந்தேன். 'தெரியல' என்பதைத் தலை குனிந்துதான் சொல்ல வேண்டும் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

அவன் கணிதத்தையும் இயற்பியலையும் எடுத்தான். "ஓட்டத்தான் முடியாது. எப்படிப் பறக்குதுன்னு தெரிஞ்சுக்கக் கூடாதா?" என்று கேட்டான். நான் உயிரியல் எடுத்தேன். ஒரே பக்கத்தில் என் கண்ணுக்குத் தெரிந்த எண் அவன் கண்ணுக்கு ஏன் தெரியவில்லை என்பது என்னைத் தூங்கவிடவில்லை. அதைத் தவிர வேறு காரணம் இல்லை. "இதைப் படிச்சா என்ன வேலை கிடைக்கும்?" என்றார் அப்பா. "தெரியாதுப்பா. ஆனா இதைத்தான் படிக்கணும்" என்றேன். அவர் "சரி, படி" என்றார்.

இயற்பியல் எங்கள் இருவருக்கும் பொது. முதல் ஆய்வக வகுப்பில் மேசைமேல் வண்ண வண்ணமாக ஒயர்கள் கிடந்தன. என்னிடம் காதோடு காதாகக் கேட்பான் என்று நான் பக்கத்தில் நகர்ந்தேன். அவனோ ஒயர் ஒன்றைத் தூக்கிப் பிடித்து, வகுப்பு முழுக்கக் கேட்கிற குரலில், "இது சிவப்பா, பச்சையா? யாராவது சொல்லுங்கப்பா" என்றான்.

கடைசி மேசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவனும் கூடச் சேர்ந்து சிரித்தான். "சிவப்பு" என்று நாலைந்து குரல்கள் வந்தன. ஒயரை அதன் இடத்தில் செருகித் திருகினான். மீட்டரில் முள் அசைந்தது. அளவைக் குறித்துக்கொண்டு அடுத்த ஒயரைக் கையில் எடுத்தான்.