ஃபிக்ரி ஸஹ்ரானின் ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு டிவிடிகள்

ஃபிக்ரி ஸஹ்ரான் தன் டிவிடிகளைக் கம்ப்யூட்டரில் நகலெடுக்கத் தொடங்கிய நான்காம் நாள், படத்தில் செத்துக்கொண்டிருந்த மீனவன் ஒருவன் கடைசி மூச்சை நிறுத்திவைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பி, "கொஞ்சம் வாயை மூடுறியா?" என்றான். அலெக்சாண்டிரியாவில் அந்த வாரம் தக்காளி கிலோ மூன்று பவுண்டு. பாகோஸ் டிராம் நிறுத்தத்தில் இரண்டு நாளாக மழைத் தண்ணீர் வடியவில்லை. மீனவன் பேசியது எங்கள் கட்டடத்தில் யாருக்கும் பெரிய ஆச்சரியமாக இல்லை. பதின்மூன்று வருஷமாக நாங்கள் சொல்ல நினைத்து, மரியாதைக்குப் பயந்து விழுங்கியதைத்தான் அவன் சொன்னான்.

ஃபிக்ரி துறைமுகத்தின் விளக்குப் பிரிவில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எந்தக் கப்பலும் அவரால் கரை சேர்ந்ததாகப் பேச்சில்லை. ஆனால் சினிமாவைப் பற்றி அவருக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்பது அவருடைய சொந்த அபிப்பிராயம். இரண்டாம் மாடி வீட்டின் நடுக்கூடத்தில் கண்ணாடி அலமாரி போட்டு, அகரவரிசையில் டிவிடிகளை அடுக்கி, பூட்டி, சாவியைப் பனியனுக்குள் தொங்கவிட்டிருந்தார். ஒரு தகட்டைக்கூட யாருக்கும் இரவல் தந்ததில்லை. மீன்கடை மித்வல்லியின் தாயார் இடுப்பு முறிந்து படுத்தபடி, இளமையில் பார்த்த ஒரு சிரிப்புப் படத்தைச் சாகுமுன் பார்க்க ஆசைப்பட்டபோது, ஃபிக்ரி படத்தைக் கொடுக்கவில்லை. அவர்கள் வீட்டு வாசலில் நின்றபடியே கதையை முடிவோடு சேர்த்துச் சொல்லி, இயக்குநர் எங்கெங்கே கோட்டை விட்டார் என்பதையும் விளக்கிவிட்டு, தான் ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியோடு மாடியேறினார்.

அவர் படம் பார்ப்பது மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. கையில் வறுத்த தர்பூசணி விதை, முன்னால் ஒரே ஒரு நாற்காலி. படம் ஓடத் தொடங்கியதும் அவர் வாய் ஓடத் தொடங்கும். இப்போ பார், இவன் துரோகம் பண்ணுவான். இப்போ பார், அவள் கர்ப்பம். கட்டடத்தின் நடுவிலிருக்கும் காற்றுக் கிணறு வழியாக அந்தக் குரல் பன்னிரண்டு வீடுகளின் சமையலறைக்கும் இறங்கியது. எங்கள் கட்டடத்துப் பிள்ளைகள் ஒரு படமும் பார்க்காமலே எல்லாப் படத்தின் முடிவையும் தெரிந்துகொண்டு வளர்ந்தார்கள்.

அந்தக் குளிர்காலத்தில் ஒருநாள் அவர் ஒரு தகட்டைத் துடைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வெள்ளிப் பூச்சில் ஊசி குத்தியதுபோல் ஓட்டைகள். அடுத்ததை எடுத்தார், அதிலும் ஓட்டைகள். கடல் உப்பு, பூட்டிய அலமாரிக்குள்ளும் புகுந்து வேலை பார்த்திருந்தது. இரண்டு நாள் அவர் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் கீழே கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த ரபாபிடம் போய் ஒரு கம்ப்யூட்டரும் பெரிய ஹார்டு டிஸ்க்கும் வாங்கிவந்தார். ஒரு தகட்டை உள்ளே தள்ளினால் இருபது நிமிஷத்தில் படம் முழுவதும் டிஸ்க்கில் ஏறிவிடும் என்று ரபாப் காட்டிக்கொடுத்தாள். கீறல் இருந்தால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடைக்கச் சொன்னாள். அவரோ, தனக்கு எல்லாம் தெரியும் என்று சொல்லி அவளை அனுப்பிவிட்டு, வட்டமாகத் துடைத்து ஆறு தகடுகளைப் பாழாக்கினார்.

நகல்களில் அவர் இருந்தார். அதுதான் நடந்தது. கல்யாணக் காட்சியில், வாத்தியக்காரர்களுக்குப் பக்கத்தில், தன் நாற்காலியில் அமர்ந்து விதை கொறித்துக்கொண்டிருந்தார். அந்தத் தகட்டை அவர் முதலில் பார்த்த வருஷத்து வயதில், அப்போதைய மீசையோடு. நீதிமன்றப் படத்தில் சாட்சிக் கூண்டுக்குக் கீழே உட்கார்ந்து, தீர்ப்பு என்னவென்று நீதிபதிக்கு முன்னால் அவரே சொன்னார். அவர் அந்தந்தப் படத்தின்மேல் பேசிய ஒவ்வொரு சொல்லும் நகலில் தெளிவாக ஏறியிருந்தது. நடிகர்கள் முதலில் பொறுமையாகத்தான் நடித்தார்கள். பிறகு முகம் சுளித்தார்கள். பிறகுதான் அந்த மீனவன்.

ஃபிக்ரி ரபாபை வரவழைத்துக் கத்தினார்.

"என்னத்த வித்துருக்க நீ? வைரஸ் புகுந்து எல்லாத்தையும் நாசம் பண்ணுது!"

ரபாப் திரையைக் குனிந்து பார்த்தாள். கப்பல் தளத்தில் ஃபிக்ரி உட்கார்ந்து துப்பிக்கொண்டிருந்தார்.

"உஸ்தாத், வைரஸ் ஃபைலைத் திங்கும். தர்பூசணி விதை திங்காது," என்றாள்.

அவள் நேர்மையானவள். தன் கடைக் கம்ப்யூட்டரில் தன் அண்ணன் வைத்திருந்த தகட்டை நகலெடுத்துப் பார்த்தாள். சுத்தமாக வந்தது. ஃபிக்ரியின் தகட்டைப் போட்டாள். ஃபிக்ரி வந்தார். "கம்ப்யூட்டர்ல குத்தமில்ல. தகட்டுல இருக்கறதைத்தான அது எடுக்கும்," என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டாள்.

வியாபாரிகளின் மோசடிக்கு ஒரு சாட்சி வேண்டும் என்று ஃபிக்ரி தன் மனைவி இன்ஷிராவைக் கூப்பிட்டார். அவளைப் பற்றி எங்களுக்கு அதிகம் தெரியாது. துணி காயப்போடும்போது பார்ப்போம், அவ்வளவுதான். அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். திரையில் ஃபிக்ரிக்குப் பின்னால், கல்யாண மண்டபத்தின் சுவரில் சம்பந்தமில்லாமல் ஒரு கதவு திறந்திருந்தது. அதில் தேநீர்த் தட்டோடு, பத்து வருஷத்துக்கு முந்திய மஞ்சள் கவுனில், இன்ஷிரா நின்றாள்.

"ஏங்க, அந்தப் பொண்ணு ஏன் அழுவுறா?" என்று திரையிலிருந்தவள் கேட்டாள்.

"சொன்னா உனக்குப் புரியவா போகுது? தேத்தண்ணிய வெச்சிட்டுப் போ," என்றார் திரையிலிருந்த ஃபிக்ரி.

கூடத்தில் நின்றவள் இன்னொன்றைப் போடச் சொன்னாள். போட்டார். பிறகு இன்னொன்று. பத்து நாளில் நாற்பது நகல்களை அவள் பார்த்தாள். தன் ரசனை மனைவிக்கும் கடைசியில் தொற்றிக்கொண்டது என்று ஃபிக்ரி பூரித்துப்போய், மித்வல்லியிடம் சொல்லிப் பெருமையடித்தார். நாற்பத்தொன்றாவது படத்தின் நடுவே இன்ஷிரா சொன்னாள்: "ஒரு படத்துலகூட நான் உக்காரலையே."

"நாற்காலி ஒண்ணுதான இருந்துச்சு," என்றார் ஃபிக்ரி, திரையைவிட்டுக் கண்ணெடுக்காமல்.

வியாழக்கிழமை அவள் ஒரு பெட்டியும், தன் தாயார் கொடுத்த செம்புப் பானையும் எடுத்துக்கொண்டு, தமன்ஹூரிலிருக்கும் தங்கை நஜ்வாவின் வீட்டுக்கு ரயிலேறினாள். சாப்பாட்டு நேரம் வரைக்கும் ஃபிக்ரி அதைக் கவனிக்கவில்லை.

அதன்பிறகு எடுத்த நகல்களில் கதவு இருந்தது, அவள் இல்லை. தட்டு மட்டும் தரையில் கிடந்தது. பழைய நகல்களைத் திறந்து பார்த்தார். அவற்றிலிருந்தும் அவள் போயிருந்தாள். மஞ்சள் கவுனும் இல்லை, கேள்வியும் இல்லை. பதில் மட்டும் இருந்தது: புரியவா போகுது, புரியவா போகுது என்று வெறும் கதவைப் பார்த்து அவரே சொல்லிக்கொண்டிருந்தார். அன்று மதியம் காற்றுக் கிணற்றில் அவர் குரல் இறங்கவில்லை. வேறொரு சத்தம் வந்தது. அவர் அழுதார் என்று எதிர்வீட்டுப் பெண் சொல்கிறாள். தொண்டையில் விதை சிக்கிக்கொண்டது என்று ஃபிக்ரி சொல்கிறார். நான் இரண்டையும் எழுதி வைக்கிறேன்.

மறுநாள் அவர் தமன்ஹூருக்குப் போன் போட்டார். எல்லா ஜன்னலும் திறந்திருந்ததால் நாங்களும் கேட்டோம்.

"இன்ஷிரா, வீட்டுக்கு வராட்டியும் போவுது. ஃபைலுக்காவது திரும்பி வா. ஃப்ரேம் காலியாக் கெடக்கு."

"அங்க எனக்கு ஒரு நாற்காலி போடுவீங்களா?" என்று அவள் கேட்டிருக்கிறாள்.

ஃபிக்ரி யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். அதற்கு அரை நிமிஷம் ஆனது. "ரெண்டு நாற்காலி போட்டா எனக்குத் திரை மறைக்குமே," என்றார். அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்டது. வசந்தத்தில் அவள் குலா, அதாவது மனைவி கேட்டு வாங்கும் விவாகரத்து, வேண்டி மனுப் போட்டாள். நீதிமன்றம் கொடுத்தது.

அந்த வாரமே நடிகர்கள் போகத் தொடங்கினார்கள். முதலில் போனவர் நீதிபதி. வழக்கை ஒத்திவைத்து, அங்கியைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு, ஃபிக்ரியின் கால்களைத் தாண்டி வெளியேறினார். வாத்தியக்காரர்கள் மேளங்களை உறையிலிட்டார்கள். மணமகள் மாப்பிள்ளையை எழுப்பிக் கூட்டிப்போனாள். கப்பல் சிப்பந்திகள் படகை இறக்கினார்கள். எல்லோரும் அந்தக் கதவு வழியாகத்தான் போனார்கள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. வில்லன்களில் ஒருவன் மட்டும் அவர் மடியிலிருந்த விதைப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போனான். ஃபிக்ரி நிறுத்தவில்லை. நாலு வருஷம் தினமும் உட்கார்ந்து ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டையும் நகலெடுத்து முடித்தார். அதற்குள் அலமாரியிலிருந்த தகடுகள் மீன் செதில்போல் உரிந்து, ஒன்றும் ஓடாத நிலைக்கு வந்திருந்தன. பவுண்டின் மதிப்பு பாதியானது. டிராம் தண்டவாளத்தை இரண்டு தடவை தோண்டி மூடினார்கள்.

இப்போது அவரிடம் இருப்பது இதுதான்: ஆளில்லாத மண்டபத்தில் ஃபிக்ரி, ஆளில்லாத கப்பலில் ஃபிக்ரி, ஆளில்லாத மருத்துவமனையில் ஃபிக்ரி. ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம். ஹார்டு டிஸ்க் வேகம் குறைந்ததென்று பழுதுபார்க்க வந்த ரபாப், "இதையா உஸ்தாத் தினமும் பாக்குறீங்க?" என்று கேட்டாள். "நடுவுல எவன் தொந்தரவும் இல்ல. இப்பத்தான் படம் படமா இருக்கு," என்றார் அவர். அவள் தூசியைத் தட்டிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

போனவர்கள் தமன்ஹூர் ரயிலில் ஏறியிருக்கிறார்கள். மித்வல்லி மீன் கொண்டுபோனபோது நேரில் பார்த்துவிட்டு வந்து சொன்னார். நஜ்வாவின் வீட்டுச் சோபாவில் நீதிபதியும் மீனவனும் நெருக்கியடித்து உட்கார்ந்து தேநீர் குடித்தார்களாம். இன்ஷிரா நாற்காலியில் சாய்ந்து, ஒவ்வொருவரிடமும், நீ ஏன் அவளை விட்டுட்டுப் போனே, அந்தக் கடிதத்துல என்னதான் எழுதியிருந்துச்சு என்று கேட்டாளாம். அவர்கள் பொறுமையாகப் பதில் சொன்னார்களாம். மீன் நன்றாக இருந்ததென்று இரண்டு கிலோ கூடுதலாக வாங்கினார்களாம். அந்தக் கட்டடத்து வீட்டுக்காரருக்கு ஒரே ஒரு குறைதான்: வாசலில் அத்தனை ஜோடிச் செருப்பு. மற்றபடி, வியாழக்கிழமைதோறும் மணமகள் வந்துபோகும்போது அவளுடைய நீளமான வெள்ளைப் பாவாடை நாலு மாடிப் படிக்கட்டையும் பெருக்கிவிடுவதால், கூட்டுகிற பெண்ணை அன்று வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்.