மூன்றாவது திருப்பத்துக் கறை

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் செயலாளர் என்னை யாருக்காவது அறிமுகப்படுத்தினால் "இவங்க பெயிண்டர்" என்பார். ஒருமுறை வந்தவர், "உள்சுவரா, வெளிச்சுவரா?" என்று கேட்டார். அன்றிலிருந்து அக்கா என்னை வெளிச்சுவர் என்றுதான் கூப்பிடுகிறாள்.

நிஜமான பெயிண்டர் உப்புத்தாளும் சுரண்டும் தகடுமாகப் படிக்கட்டுக்கு வந்த காலையில், எனக்கும் அவருக்கும் ஒரே சுவர் வேண்டியிருந்தது.

எங்கள் படிக்கட்டில் சுவர்ப்பக்கம் கைப்பிடி கிடையாது. ஏறுகிறவர்கள் சுவரைத்தான் பிடிக்கிறார்கள். அதனால் இடுப்புக்கு மேலே சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை ஓடும். திருப்பங்களில் எல்லோரும் மூச்சு வாங்க நிற்பதால் அங்கே அது தடிக்கும். நடுவில் யாரோ சோபா தூக்கிப்போனபோது உரசிய வளைகோடு. கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள்: சின்ன விவரமெல்லாம் உதிர்ந்து, இருட்டும் வெளிச்சமும் மட்டும் மிஞ்சும். என் படம் அங்கேதான் தொடங்குகிறது. ஆனால் கறையை அப்படியே வரைந்தால் அது வெறும் நகல். இங்கே எவ்வளவு கனம் சாய்ந்தது என்று கேட்டு, அந்தக் கனத்தை வரைவேன். சோபா வளைவு அப்படித்தான் படமாயிற்று. அதில் சோபா இல்லை, சுவரும் இல்லை. பார்க்கிறவர்கள் மட்டும் ஏனோ தோளைத் தடவிக்கொள்கிறார்கள்.

இப்படி ஐந்து முடிந்துவிட்டன. ஓவியக்கூடத்தில் ஆறு இருந்தால்தான் இடம் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். ஆறாவது, மூன்றாவது திருப்பத்தில் இருந்த உள்ளங்கைக் கறை. மற்றவற்றைவிடக் கறுப்பு, எண்ணெய் பூசியதுபோல் மினுமினுப்பு. எப்படி வரைந்தாலும் யாரோ டாட்டா காட்டுவதுபோலவே வந்தது. கனம் வரவில்லை. ஏன் என்று தெரியும்வரை அந்தச் சுவர் எனக்கு வேண்டும்.

ஸ்டூலைக் கொண்டுவந்து கறையை ஒட்டிப் போட்டு உட்கார்ந்தேன்.

"நகருங்கக்கா, தூசி விழும்," என்றார் பெயிண்டர்.

"விழட்டும். மத்த இடமெல்லாம் முடிச்சிட்டு வாங்க."

"நானும் பெயிண்டர், நீங்களும் பெயிண்டர். உங்க படத்துக்கு முன்னாடி நான் என்னிக்காவது ஸ்டூல் போட்டேனா?"

நியாயமான கேள்வி. இருந்தும் நகரவில்லை.

அக்கா கதவைத் திறந்து எட்டிப்பார்த்தாள். "வெளிச்சுவர், அடுப்புக்குப் பின்னாடி இதைவிடப் பெரிய கறை இருக்கு. அதை வரையேன். நான் ஆள் வெச்சுச் சுரண்டமாட்டேன்."

அதற்குள் கீழேயிருந்து செயலாளர் ஏறிவந்தார். "என்னம்மா இது? கூட்டத்துல எல்லாரும் கை தூக்கின விஷயம்."

"நான் தூக்கல சார்."

"அழுக்குக்குக் காவலா?"

"அழுக்குதான். இல்லன்னு சொல்லல. எனக்கு அதுல வேலை பாக்கியிருக்கு."

"எப்ப முடியும்?"

"முடியும்போது."

"வரையறதுக்கு மலை இல்லையா, கடல் இல்லையா?"

"அதுக்கெல்லாம் நிறைய பேர் இருக்காங்க. இந்தச் சுவருக்கு நான் ஒருத்திதான்."

கோபத்தில் அவர் ஒரு படியை வேகமாக ஏறினார். முட்டி பிடித்துக்கொண்டது. பார்க்காமலேயே அவர் கை என் காதோரமாகப் போய்ச் சுவரில் ஊன்றியது. சரியாகக் கறையின் மேல்.

திரும்பிப் பார்த்தேன். விரல்கள் மடங்கி, சுவரைத் தொட்டும் தொடாமலும் இருந்தன. உடம்பின் பாரம் முழுவதும் மணிக்கட்டுக்கு மேலே, உள்ளங்கையின் அடிமேட்டில். நான் இத்தனை நாளும் ஐந்து விரலையும் விரித்து விரித்து வரைந்துகொண்டிருந்தேன்.

"அப்படியே இருங்க சார்."

"எதுக்கு?"

"கையை எடுக்காதீங்க. வலிக்குதா?"

"வலிக்காம? இந்தத் திருப்பம் வந்தாலே இப்படித்தான்."

மடியில் இருந்த தாளில் வேகமாகக் கோடு போட்டேன். விரல்களை விட்டுவிட்டேன். அடிமேடு மட்டும், கீழ்நோக்கி அழுந்த.

"அசையாதீங்க சார்," என்றார் பெயிண்டர். "அக்கா உங்களுக்குப் பட்டி பார்க்கறாங்க."

வரைந்து முடித்ததும் ஸ்டூலை மடக்கினேன். "இனி சுரண்டுங்க."

செயலாளர் தாளை எட்டிப்பார்த்தார். "இதுல என் மூஞ்சி வரக்கூடாது."

"வராது சார். உங்க முட்டிவலிதான் வரும்."

"அதுவும் வரக்கூடாது. சங்கத்துல கேக்காம எப்படி?"

"வரும்," என்றேன். "கை தூக்கறவங்க தூக்கட்டும்."

மாலையில் சுவர் வெண்ணெய் நிறத்தில் பளபளத்தது. "ஈரம், தொடாதீர்கள்" என்று செயலாளரே அட்டை எழுதித் தொங்கவிட்டார். அவர் வீடு நாலாவது மாடி. அந்தத் திருப்பத்தைத் தாண்டித்தான் போகவேண்டும்.

ஸ்டூலையும் தாளையும் நான் உள்ளே எடுத்துவைக்கவில்லை.