நம்ம பக்கம்

நாங்கள் செய்த பெட்டி நின்றுவிட்டது. காலையில் வார்டில் வைத்து ஓடவிட்டபோது எட்டுப் படுக்கைகளின் நாடித்துடிப்புக் கோடுகளும் நர்ஸ் மேசைத் திரையில் அழகாக ஓடின. நானும் அண்ணியும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்து முடிப்பதற்குள் எட்டுக் கோடுகளும் பொசுக்கென்று உறைந்துபோயின. நல்லவேளை, படுக்கைக்குப் படுக்கை பழைய கருவிகள் ஓடிக்கொண்டிருந்தன. இல்லையென்றால் தலைமை நர்ஸ் எங்களை வார்டை விட்டே விரட்டியிருப்பார்.

எங்கள் முதலாளிக்கு நாங்கள் வைத்த பெயர் கடிகாரம். எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்க்கமாட்டார், தன் மணிக்கட்டைத்தான் பார்ப்பார். அதைப் பார்த்தபடியே சொன்னார்.

"மத்தியானம் பெரிய டாக்டர் வர்றாங்க. அதுக்குள்ள சரியாகலைன்னா வெளியில இருந்து ரெடிமேட் நெட்வொர்க் கார்டு வாங்கிப் போட்டுடலாம். அதோட டிரைவரும் சேர்ந்தே வந்துடும். அப்புறம் டிரைவர் எழுதத் தனியா ஒரு ஆள் எதுக்கு?"

அந்தத் தனி ஆள்தான் என் அண்ணி. குழந்தைக்காக வேலையை விட்டுவிட்டு, திரும்பவும் வேலை தேடி வாசல் வாசலாக ஏறி இறங்கியவர். "இத்தனை வருஷம் வீட்ல என்ன பண்ணீங்க?" என்ற கேள்வியைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போனவர். கடிகாரத்தோடு மல்லுக்கட்டி அவரை இங்கே கொண்டுவந்தது நான். இது போனால் இன்னொரு வேலை குதிரைக்கொம்புதான். என் அம்மாவோ, "மருமக டிரைவர் வேலை பாக்குறா" என்று ஊரெல்லாம் பெருமையடித்து வைத்திருக்கிறார். பஸ்ஸா லாரியா என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லி எனக்கு மாளவில்லை.

பஸ்ஸும் இல்லை, லாரியும் இல்லை. பெட்டிக்குள் இருக்கும் நெட்வொர்க் கார்டை ஓட்டத் தெரிந்த நிரல்தான் டிரைவர். பெட்டியின் ஆபரேட்டிங் சிஸ்டத்தை எழுதியது நான். அந்தக் கார்டு கறுப்பா சிவப்பா என்றே என் சிஸ்டத்துக்குத் தெரியாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு ஸ்ட்ரக்சர் இருக்கிறது. இழுப்பறைகள் வைத்த மேசை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் கார்டின் பெயர், ஒன்றில் முகவரி. மற்றவற்றில் 'திற', 'மூடு', 'அனுப்பு' என்ற வேலைகளுக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்ற விவரம். இழுப்பறைகளை நிரப்பி என் கையில் கொடுப்பது அண்ணியின் டிரைவர். நாடித்துடிப்பு பாக்கெட் என்ற சின்னப் பொட்டலமாக வந்ததும் நான் 'அனுப்பு' இழுப்பறையைத் திறந்து, அதில் இருப்பவரிடம் கொடுத்துவிடுவேன். அவ்வளவுதான் எங்கள் சம்பந்தம். நாத்தனாருக்கும் அண்ணிக்கும் இதற்கு மேல் சம்பந்தம் இருந்தால் வீடு தாங்காது.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு பக்கத்து ஸ்டோர் ரூமுக்குள் போனோம். மருந்து அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே ஒரு ஸ்டூல், ஒரு பிளக் பாயின்ட். லேப்டாப்பை மாட்டினால், கடைசியாக வந்த செய்தி: 'இடமில்லை'. எங்கே இடமில்லை என்று சொல்லவே இல்லை. அந்தச் செய்தியை எழுதிய மகராசியும் நான்தான்.

"கார்டு அனுப்புற வரிசையில இடமில்ல. உங்க டிரைவர்தான் அண்ணி."

"ஏண்டி வாயாடி, சிஸ்டத்துல இடமில்லைன்னு ஏன் இருக்கக்கூடாது? நீ உடைச்சா மண்குடம், நான் உடைச்சா பொன்குடமா?"

கல்யாணமாகி வந்த முதல் வாரமே எனக்கு வாயாடி என்று பெயர் வைத்தவர் அவர். பொருத்தமான பெயர்தான். அதைக் காப்பாற்றும் விதமாக நானும் கத்தினேன். அவர் தன் நிரலை வரிவரியாகப் படித்துக்காட்டினார். குற்றமில்லை. நான் என்னுடையதைக் காட்டினேன். அதிலும் குற்றமில்லை. நேரம் போய்க்கொண்டே இருந்தது. அண்ணி அதே வரியை மறுபடியும் முதலிலிருந்து படிக்க ஆரம்பித்தார். என் வாயை நானே தைத்துக்கொள்ளலாம் போல இருந்தது.

அப்போது அவர் போன் அடித்தது. இரண்டு வார்த்தை பேசி வைத்தார்.

"யாரு அண்ணி?"

"எங்க வீட்ல இருந்து. அம்மா சொல்லாம கொள்ளாம கிளம்பி நம்ம வீட்டுக்கு வந்து நிக்கிறாங்க. பூட்டியிருக்காம்."

நான் மறுபடியும் திரைக்குத் திரும்பினேன். பிறகு சட்டென்று நிமிர்ந்தேன்.

"இப்ப என்ன சொன்னீங்க?"

"பூட்டியிருக்காம்னேன்."

"அதில்ல. எங்க வீடு எது, நம்ம வீடு எது?"

"என்னடி கேள்வி இது? எங்க வீடுன்னா எங்கம்மா வீடு. நம்ம வீடுன்னா உங்க வீடு. வந்த நாள்லேர்ந்து அப்படித்தானே சொல்றேன்?"

"அண்ணி! அன்னிக்குப் பாத்திரம் கழுவும்போது கேட்டேனே, அனுப்பி முடிச்ச பாக்கெட் உட்கார்ந்த மெமரி இடத்தை யாரு விடுவிக்கிறதுன்னு?"

"ஆமா. 'நம்ம பக்கம் வெச்சுக்கலாம்'னேன்."

"எந்தப் பக்கம்?"

"உன் பக்கம்தான்! என் பக்கம்னா 'எங்க பக்கம்'னு சொல்லியிருக்க மாட்டேனா?"

"ஐயோ, நான் உங்க பக்கம்னு நினைச்சேனே!"

இருவரும் ஒரே நேரத்தில் லேப்டாப் மேல் பாய்ந்ததில் தலை முட்டிக்கொண்டது. தேடினோம். என் சிஸ்டம் விடுவிக்கவில்லை. அவர் டிரைவரும் விடுவிக்கவில்லை. அவரவர் கணக்குப்படி அவரவர் நிரல் சரி. பெட்டி அனுப்பிய ஒவ்வொரு பாக்கெட்டும் காலித் தட்டாக மெமரியிலேயே உட்கார்ந்திருந்தது. ஆபீஸில் ஒரே ஒரு நாடிக் கருவியை மாட்டிக் கொஞ்ச நேரம் ஓட்டிவிட்டு நிறுத்திவிடுவோம். இங்கே எட்டுப் படுக்கை. நிரம்பிவிட்டது!

"மாமியார் வீட்டுக்கு மரியாதை கொடுத்தது தப்பாடி?" என்று அண்ணி சிரிக்க ஆரம்பித்தார். எனக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"சீக்கிரம், 'அனுப்பு' கடைசியில ஒரு வரி. விடுவிச்சுடுங்க."

"அடிப்பாவி, கை வெக்காத! கார்டு அதை இன்னும் படிச்சே முடிச்சிருக்காது. பாதியில பிடுங்கினா ஒருத்தர் நாடி இன்னொருத்தர் கோட்டுல போய் நிக்கும்." அவர் கண்கள் பளபளத்தன. "கார்டு முடிச்சிட்டேன்னு என் டிரைவருக்குத்தான் மணி அடிக்கும். அந்த இடத்துலதான் போடணும். இது என் பக்கம்தான் இருந்திருக்கணும். குடு இங்க."

கீபோர்டைப் பிடுங்கிக்கொண்டார். நிறுத்தாமல் தட்டினார். நான் பக்கத்தில் நின்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் அது ஒரு சாதனை.

பெரிய டாக்டர் உள்ளே நுழையவும் நாங்கள் பெட்டியை மேசையில் வைத்து இயக்கவும் சரியாக இருந்தது. எட்டுக் கோடுகளும் ஓடின. டாக்டர் கோடுகளைப் பார்த்தார். நான் லேப்டாப்பில் மீதி மெமரியின் எண்ணைப் பார்த்தேன். குறைந்தது. ஏறியது! குறைந்தது, ஏறியது, மறுபடி குறைந்தது, ஏறியது. அண்ணி என் கையை நசுக்கிக்கொண்டிருந்தார். காலையில் நின்ற நேரத்தைத் தாண்டியும் பெட்டி ஓடியது. டாக்டர் தலையாட்டிவிட்டுப் போன பிறகும் ஓடியது. கடிகாரம் முதல் தடவையாக மணிக்கட்டைப் பார்க்க மறந்துவிட்டார்.

"சரி, எடுத்து வைங்க. ரெடிமேட் கார்டு விஷயத்தை அப்புறம் யோசிப்போம்" என்றார்.

அண்ணியின் பிடி தளர்ந்தது. ஆனால் தலைமை நர்ஸ் பெட்டியின் மேல் உள்ளங்கையை அழுத்தி வைத்துக்கொண்டார்.

"எதை எடுக்கிறது? ஒவ்வொரு படுக்கையா ஓடி ஓடி என் நர்ஸ் பிள்ளைங்களுக்குக் கால் தேயுது. இது இங்கேயே இருக்கட்டும். நின்னா யாரைக் கூப்பிடணும்?"

"என்னைக் கூப்பிடுங்க" என்று கடிகாரம் தன் விசிட்டிங் கார்டை நீட்டினார்.

"நீங்க வந்து என்ன பண்ணுவீங்க? சரி பண்ணத் தெரிஞ்சவங்க நம்பரைச் சொல்லுங்க."

கடிகாரம் என்னைப் பார்த்தார். நான் அண்ணியைப் பார்த்தேன். அண்ணி தன் நம்பரை ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார். தலைமை நர்ஸ் தடித்த பேனாவை எடுத்து, திரைக்கு மேலே சுவரிலேயே பெரிதாக எழுதினார்.

"சுவர்லயா? அப்புறம் அழியுமா அது?" என்றார் கடிகாரம்.

"எதுக்கு அழியணும்?"

கடிகாரம் சுவரைப் பார்த்தார். பிறகு அண்ணியின் முகத்தை நேராகப் பார்த்தார். "நாளைக்குச் சீக்கிரம் வந்துடுங்கம்மா. மேல் மாடி வார்டுலயும் கேட்பாங்க போல" என்றார்.