க்ராட்ஸின் ஓட்டைக் கையுறை

அந்த வருடம் வெண்டெல் க்ராட்ஸ் இரவில் ஜெயித்தான், பகலில் தோற்றான். அவனுடைய சீசனை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. விளக்கு வெளிச்சத்தில் அவன் எறிந்த பந்தை மட்டையாளர்கள் தேடினார்கள். வெயிலில் எறிந்த பந்தை வேலிக்கு வெளியே அனுப்பினார்கள்.

எங்கள் பேஸ்பால் குழுவில் நான் அவனுடைய கேட்சர். ஐந்து நாளைக்கு ஒருமுறை அவன் மைதான நடுவே மண்மேட்டில் ஏறி எறிவதை, அறுபது அடிக்கு இந்தப் பக்கம் குந்தி உட்கார்ந்து பிடிப்பவன். பெயர் எலையஸ் ஹத்தாத். குழுவில் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. டொலீடோவில் எங்கள் குடும்பம் கம்பளக் கடை வைத்திருந்ததால் நான் அவர்களுக்குக் ‘கம்பளம்’. நாங்கள் சாணிவறட்டி விற்காதது என் அதிர்ஷ்டம்.

மே மாதத்தில் க்ராட்ஸ் வரிசையாக நான்கு ஆட்டங்கள் ஜெயித்தான், இரவு பகல் பார்க்காமல். நான்காவது ஆட்டத்தின் நடுவில் அவனுடைய கையுறையில் ஒரு தோல்கயிறு அறுந்தது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வலைபோல் பின்னிய இடம். அதில் இரண்டு விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்தது. அதோடு ஆடினான், ஜெயித்தான்.

இங்கேதான் எங்கள் தொழிலின் புத்தி வேலை செய்தது. ஜெயிக்கும்போது எதையும் மாற்றக் கூடாது. எங்கள் இரண்டாம் பேஸ்காரன் ஒருமுறை பதினோரு நாள் காலுறை துவைக்காமல் அடித்துத் தள்ளிக்கொண்டிருந்தான். பேருந்தில் எல்லா ஜன்னலையும் திறந்து வைத்தோமே தவிர, ‘துவைடா’ என்று ஒருவனும் சொல்லவில்லை. அதே மாதிரி க்ராட்ஸின் கையுறை ஓட்டையை இருபத்திரண்டு பேர் பார்த்தோம். இருபத்திரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டோம். வேறு எந்தத் தொழிலாக இருந்தாலும் யாராவது ஒருவன் ‘தம்பி, கிழிஞ்சிருக்கு’ என்று சொல்லியிருப்பான்.

ஜூனில் பகல் தோல்விகள் ஆரம்பித்தன. காரணத்தைத் தேடி எல்லோரும் அவன் வயிற்றுக்குள் போனார்கள். எங்கள் மேனேஜர் ஹார்லன் ஸ்வீனிக்கு பான்கேக் மேல் சந்தேகம்.

“காலையில மாவைத் தின்னுட்டு மேட்டுல ஏறினா உடம்பு தூங்காம என்னடா பண்ணும்?” என்றார்.

க்ராட்ஸ் பான்கேக்கை விட்டான். முட்டைக்கு மாறினான், தோற்றான். பட்டினி கிடந்தான், தோற்றான். ஜன்னலில் கருப்புத் துணி கட்டி மதியம்வரை தூங்கிவிட்டு வந்தான். அன்றைக்குத்தான் மிக மோசமாகத் தோற்றான். ஆனால் அடுத்த இரவு ஆட்டத்தில் ஒருவனையும் மூன்றாம் பேஸைத் தாண்டி ஓட்டம் எடுக்க விடவில்லை. ஆகஸ்ட் நடுவில் கணக்கு இது: ஒன்பது வெற்றி, எட்டு தோல்வி. எட்டும் பகலில். அதில் மூன்று, பக்கத்து ஊரான மார்லோவின் குழுவிடம்.

ஒரு வெள்ளிக்கிழமை ஸ்வீனி அவனைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். நான் முழங்காலில் ஐஸ் கட்டிக்கொண்டு வாசலுக்கு வெளியே பெஞ்சில் கிடந்தேன். கதவு சாத்தியிருந்தது. ஸ்வீனியின் குரலுக்குக் கதவெல்லாம் ஒரு பொருட்டே இல்லை.

“ஞாயித்துக்கிழமை மேல் லீக்லேருந்து ஆள் வர்றான். உன்னைப் பார்க்கத்தான்.”

“ஞாயிறா? அது பகல் ஆட்டமாச்சே தலைவரே.”

“அதான் வேணும்கிறான். ராத்திரி நீ எறிவேன்னு அவனுக்குத் தெரியும். மேல பாதி ஆட்டம் பகல்லதான்டா. வெயில்ல எறிஞ்சா கூட்டிட்டுப் போவான்.”

“எறியலைன்னா?”

“உனக்கு இருபத்தெட்டு வயசு வெண்டெல். உன் எடத்துக்குப் பத்தொன்பது வயசுப் பையன் ஒருத்தன் பெட்டியோட நிக்கிறான்.”

எங்கள் லாக்கர்களுக்கு மேல் வெள்ளை ஒட்டுப்பட்டையில் பெயர் எழுதி ஒட்டியிருக்கும். வேலை போனவனுக்கு யாரும் கடிதம் கொடுப்பதில்லை. காலையில் வந்தால் பட்டை உரிந்திருக்கும், அவ்வளவுதான். க்ராட்ஸ் வெளியே வந்ததும் முதலில் தன் பெயர்ப் பட்டையின் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தினான். நன்றாகத்தான் ஒட்டியிருந்தது.

மறுநாள் சனிக்கிழமை, பகல் பதினொரு மணிப் பயிற்சி. முழங்கால் வீங்கியிருந்ததால் என்னைக் குந்தவிடவில்லை. வேறொருவன் பந்தைப் பிடித்தான். நான் மூன்றாம் பேஸ் பக்கம் நின்று சூரியகாந்தி விதையைக் கடித்துத் துப்பிக்கொண்டிருந்தேன். எதிரணி ஆடும்போது அவர்களுடைய பயிற்சியாளர் நிற்கிற இடம் அது. நான்கு மாதமாக க்ராட்ஸை நான் நேர் எதிரே இருந்து மட்டும்தான் பார்த்திருந்தேன்.

பேஸில் எதிரணி ஆள் ஓடத் தயாராக நிற்கிறான் என்று வைத்துக்கொண்டு எறியும்போது வலதுகைக்காரன் பக்கவாட்டில் நிற்பான். அவன் நெஞ்சு மூன்றாம் பேஸைப் பார்க்கும். நெஞ்சுக்கு முன்னால் கையுறை, அதற்குள் பந்து. உள்ளே விரல்கள் எப்படிப் பிடிக்கின்றன என்பது அவனுக்கும் கடவுளுக்கும் மட்டும் தெரிய வேண்டும். வெயில் என் தோளுக்கு மேலே வந்து நேரே அந்தக் கையுறையில் விழுந்தது. ஓட்டை வழியாக அவனுடைய இரண்டு விரல்கள் தெரிந்தன, கடை ஜன்னலில் வைத்த சரக்கு மாதிரி. விரல் விரிந்திருந்தால் நேர்ப்பந்து வந்தது. விரல் ஒட்டியிருந்தால் வளைபந்து வந்தது. பத்துப் பந்து பார்த்தேன், பத்தும் சரி. இரவில் விளக்கு உயரத்திலிருந்து விழும். ஓட்டைக்குள் இருட்டாக இருக்கும்.

எங்கள் கடையில் வாங்க வருபவனின் வாயை யாரும் கவனிக்க மாட்டோம். ‘சும்மா பார்க்க வந்தேன்’ என்றுதான் எல்லோருடைய வாயும் சொல்லும். கால் எந்தக் கம்பளத்தை இரண்டாம் தடவை மிதிக்கிறது என்று பார்ப்போம். க்ராட்ஸ் மூன்று மாதமாக ஊரைக் கூட்டி வைத்து மிதித்துக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் மார்லோவின் மூன்றாம் பேஸ் பயிற்சியாளன் பட் லாஸ்கியின் கூச்சல் ஞாபகம் வந்தது. ஆட்டம் முழுக்கத் தன் மட்டையாளனைப் பார்த்துக் கத்திக்கொண்டிருப்பான். சில பந்துக்குப் பெயரைச் சொல்லி, சில பந்துக்கு ‘வாடா கண்ணா’ என்று. பாசக்காரன் என்று நினைத்திருந்தேன். பெயர் சொன்னால் நேர்ப்பந்து, கண்ணா என்றால் வளைபந்து.

கடைத்தெருவுக்குப் போய் ஒரு தோல்கயிறு வாங்கிவந்து க்ராட்ஸின் மடியில் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன். ஆட்டத்தன்று காலையிலிருந்து ஆட்டம் தொடங்கும்வரை பந்தெறிபவனிடம் யாரும் பேசக் கூடாது என்பது இன்னொரு சட்டம். எனக்கு இருந்தது அந்த ஒரு மதியம்தான்.

அவன் கயிற்றைத் தொடவில்லை.

“இந்தக் கையுறைதான்டா நாலு ஆட்டம் ஜெயிச்சுக் கொடுத்துச்சு.”

“எட்டு ஆட்டம் தோத்தும் கொடுத்துச்சு.”

“அது பான்கேக்கு.”

“நீ ஜூன்லயே பான்கேக்கை விட்டுட்டியேடா!”

“அப்ப முட்டை.”

“சரி, என்கிட்ட இன்னொரு கையுறை இருக்கு, அதைப் போட்டுக்க.”

“உன் கையுறையையா? உன் முழங்கால் வீங்கியிருக்கு, பேட்டிங்ல எலி மாதிரி இருக்கே. உன் ராசி எனக்கு எதுக்கு?”

“சரி, கயிறு மட்டும். பின்னுறதுக்கு அஞ்சு நிமிஷம்.”

“தொட்டே, கையை ஒடிச்சிடுவேன் கம்பளம்.”

அரைமணி நேரம் பேரம். பெய்ரூட்டிலிருந்து வந்த என் தாத்தாவிடமே இவ்வளவு நேரம் யாரும் தாக்குப்பிடித்ததில்லை என்பார்கள். கடைசியில் நான் இறங்கிவந்தேன். விலை படியவில்லை என்றால் சரக்கை மாற்ற வேண்டும்.

“சரி, கையுறை அப்படியே இருக்கட்டும். ஓட்டையும் இருக்கட்டும். எங்க கடையில பூச்சி அரிச்ச கம்பளம் வந்தா ஓட்டையை மறைக்க மாட்டோம். மேல தெரியற மாதிரி விரிச்சு வைப்போம். வாங்க வந்தவன் அந்த ஓட்டையைக் காட்டியே பேரம் பேசுவான். அடிப்பக்கம் சாயம் போனதைப் புரட்டிப் பார்க்க மாட்டான்.”

“அதுக்கு?”

“ஓட்டையில ஒண்ணைக் காட்டு. காலைத் தூக்கும்போது விரலை மாத்து. வேற ஒண்ணை எறி.”

அவன் யோசித்தான். “கையுறையை மாத்த வேண்டாமே?”

“வேண்டாம்.”

“கயிறும்?”

“வேண்டாம்டா.”

மதியம் முழுக்கப் பழகினான். சாயங்காலம் புறப்படும்போது தோல்கயிற்றை அவன் பைக்குள் நானே திணித்தேன். வெளியே எடுத்துப் போடவில்லை என்பதே எனக்கு வெற்றி.

ஞாயிறு வெயில் நன்றாக அடித்தது. மேலேயிருந்து வந்த ஆள் வலைக்குப் பின்னால், வைக்கோல் தொப்பியும் குறிப்பேடுமாக உட்கார்ந்திருந்தார். முழங்காலில் துணியை இறுக்கிச் சுற்றிக்கொண்டு நான் குந்தினேன். முதல் இரண்டு இன்னிங்ஸில் மார்லோக்காரர்கள் யாரும் பேஸைத் தொடவில்லை, எனவே நாடகத்துக்கு வேலை இல்லை. மூன்றாவதில் ஒருவன் ஓடிப்போய் முதல் பேஸில் நின்றான். க்ராட்ஸ் பக்கவாட்டில் திரும்பினான். விரல் ஒட்டியிருந்தது.

“வாடா கண்ணா!” என்றான் லாஸ்கி, பாசம் பொங்க.

மட்டையாளன் வளைபந்துக்குக் காத்திருந்தான். நேர்ப்பந்து அவன் மூக்கின் கீழே போய் என் கைக்குள் வெடித்தது. அவன் திரும்பி லாஸ்கியைப் பார்த்த பார்வையில் பாசம் இல்லை.

நான்காவதிலும் ஐந்தாவதிலும் அதே வியாபாரம். ஐந்தாவது முடிவில் நாங்கள் இரண்டு ஓட்டம் முன்னால். லாஸ்கி பேச்சை நிறுத்திவிட்டு, மோவாயைத் தடவிக்கொண்டு நின்றான். ஆறாவதில் மறுபடியும் வாயைத் திறந்தான். விரல் ஒட்டியிருக்க, இவன் மட்டையாளனின் பெயரைச் சொன்னான். நேர்ப்பந்து வந்த வேகத்தில் அடிபட்டு வேலியில் போய் மோதியது. ஒரு ஓட்டம் போயிற்று. பயல் கணக்கைத் தலைகீழாகப் போட்டுவிட்டான்.

ஏழாவது இன்னிங்ஸ். இரண்டு பேர் அவுட். ஆனால் இரண்டாம் பேஸிலும் மூன்றாம் பேஸிலும் ஆள். இரண்டுக்கு ஒன்று. ஒரு நல்ல அடி விழுந்தால் ஆட்டம் போய்விடும், க்ராட்ஸும் போய்விடுவான். மட்டை பிடித்து வந்தவன் டெலாயி ஓடம், அந்த லீக்கிலேயே அதிகம் அடித்தவன். இரண்டு பந்து எப்படியோ ஸ்ட்ரைக் ஆயின; ஒன்று கோட்டுக்கு வெளியே போய் விழுந்த அடி, இன்னொன்று அம்பயரின் தாராள மனசு. இன்னும் ஒரு ஸ்ட்ரைக் வேண்டும்; ஓடம் ஒருமுறை வீசித் தவறினால் அவுட். க்ராட்ஸ் கையை உதறினான். நான் மேட்டுக்குப் போனேன். வாயைக் கையுறையால் மூடிக்கொண்டு பேசினோம்.

“விரலைக் காட்டு.”

நடுவிரலில் கொப்புளம் உடைந்து சதை தெரிந்தது. பந்துக்குப் பந்து பிடியை மாற்றியதன் கூலி.

“மாத்த முடியலைடா. பிடிச்சா பிடிச்சதுதான்.”

“நல்லதாப் போச்சு. வளைபந்தைப் பிடி, வளைபந்தையே எறி.”

“ஓட்டையில தெரியுமே!”

“தெரியட்டும்.”

“உனக்குப் பைத்தியமா? லாஸ்கி மூணாம் பேஸ் பக்கத்துல நின்னு எண்ணிக்கிட்டிருக்கான்.”

“இத்தனை நேரம் அவனுக்குப் போலிச் சரக்கைத்தானே வித்திருக்கோம்? இப்பத்தான் அது போலின்னு கண்டுபிடிச்சுக் குளுந்துபோய் நிக்கிறான். இப்ப அசலை எடுத்து வச்சா எவன்டா அசல்னு நம்புவான்?”

“நம்பிட்டா?”

“நம்பிட்டா நாளைக்குக் காலையில உன் பட்டையை உரிச்சுடுவாங்க. அம்பயர் வர்றாரு, மூஞ்சியைச் சோகமா வச்சுக்க.”

“அதுக்குத் தனியா முயற்சி பண்ணணுமா?”

திரும்பிவந்து குந்தினேன். முழங்கால் ஏதோ சொன்னது, கேட்கவில்லை. க்ராட்ஸ் பக்கவாட்டில் நின்றான். நெஞ்சு மூன்றாம் பேஸைப் பார்த்தது. வழக்கத்தைவிட ஒரு நொடி அதிகமாகவே கையுறையை அங்கே வைத்திருந்தான். கடைக்காரன் பிள்ளையாக இருந்தால்கூட அவ்வளவு நன்றாக விரித்துக் காட்டியிருக்க மாட்டான்.

“ஓடம்!” என்று கத்தினான் லாஸ்கி. தொண்டை கிழியும் அளவுக்கு நம்பிக்கை. “ஓடம்! ஓடம்!”

ஓடம் நேர்ப்பந்துக்கு மட்டையை வீசினான். வீசி முடித்தபோது பந்து இன்னும் பாதி வழியில் இருந்தது. பிறகு அது நிதானமாக வந்து, வளைந்து, மண்ணுக்கு ஒரு சாண் மேலே என் கைக்குள் உட்கார்ந்தது.

ஏழு இன்னிங்ஸ் போதும் என்று ஸ்வீனி க்ராட்ஸின் கையைக் குலுக்கினார். விரலைப் பார்த்து முகம் சுளித்தார். அடுத்து வந்தவன் மீதி இரண்டையும் ஒப்பேற்றினான். வைக்கோல் தொப்பிக்காரர் குறிப்பேட்டை மூடிக்கொண்டு எழுந்தார். வாங்கப்போகிறவன் முகம், ஒன்றும் தெரியாது. ஆனால் படியிறங்கும்போது நின்று, மேட்டை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். எனக்கு அது போதும்.

திங்கட்கிழமை காலை நான் வந்தபோது க்ராட்ஸின் லாக்கரில் பட்டை இல்லை. மேலே போகிறவனுக்கும் வீட்டுக்குப் போகிறவனுக்கும் பட்டையை ஒரே மாதிரிதான் உரிக்கிறார்கள்.

ஸ்வீனி தன் மேசையில் பான்கேக் தின்றுகொண்டிருந்தார்.

“எங்க தலைவரே அவன்?”

“ஆறு மணி பஸ்ல போயிட்டான். மேல. நான்தான் சொன்னேனே, மாவை விடணும்னு. விட்டான், ஜெயிச்சான்.”

மேனேஜரிடம் பான்கேக் விஷயத்தில் பேரம் பேசிப் பயனில்லை.

இரண்டு வாரம் கழித்து நான் தங்கியிருந்த விடுதிக்கு க்ராட்ஸ் தொலைபேசியில் பேசினான்.

“எப்படிடா போகுது?” என்றேன்.

“மொதல் ஆட்டம் பகல். போயிடுச்சு. இங்க இருக்கறவனுங்களுக்குக் கண்ணு ரொம்பக் கூர்மை. ரெண்டாவது ராத்திரி, ஜெயிச்சேன்.”

“கையுறை?”

“அதேதான்.”

“நான் கொடுத்த கயிறு?”



“பையில இருக்கு. எடுத்துப் போட்டா ராசி போயிடும்னு அப்படியே வச்சிருக்கேன்.”